ஓடும் கட்டைப் பொம்மையும் நம் கடைப் பேட்டரியும்

துவரம்பருப்பு வரத்து, எடைக்கல் முத்திரை, வரிப் படிவம் என்று எழுதி வந்த நாம் இம்முறை பொம்மையைப் பற்றி எழுதப் புகுந்ததைக் கண்டு சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். நம் மளிகைக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் பேட்டரி அட்டையிலிருந்து தொடங்குகிற விஷயம் இது. பல கடைகளில் இப்போது ஒரு வரிசைப் பலகையைப் பொம்மைக்கென ஒதுக்கி வைத்திருப்பதாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கோடை விடுமுறையில் நமது பேரன் லாரி ஒன்று செய்தான். லெகோ என்ற பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று பூட்டிச் செய்தது. நமது மூத்த மருமகன் வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வைத்த மோட்டார் இரண்டும், ரிமோட்டும், பேட்டரிப் பெட்டியும் பரணில் கிடந்தன. அவற்றை வைத்து வண்டியை ஓட்ட வேண்டும் என்று ஆறு பென்சில் பேட்டரி கேட்டான். கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். வண்டி தரையில் இரண்டு நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு தவழ்ந்தது. கிடங்கு வாசலில் மூட்டை இறக்கப் போட்டிருக்கும் சாய்பலகையில் ஏற்றிப் பார்த்தான்; கால்வாசி ஏறி நின்றுவிட்டது. ‘இதற்குத்தானா இவ்வளவு பணம்’ என்று நாம் கோபித்துக் கொண்டோம். அவன் சொன்னான்: “தாத்தா, பொம்மை மேல தப்பில்ல. நீங்க குடுத்தது சுவர்க் கடிகாரத்துக்குப் போடற செல்லு. அது பாதி தப்பு. மீதி பாதி நான் பல்லு கணக்கு தப்பாப் போட்டுட்டேன்.”

நாற்பது வருடமாகப் பேட்டரி விற்கிறோம். எந்தப் பேட்டரி எதற்கு என்று நம்மை யாரும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை. ‘இந்தக் கடை செல் சீக்கிரம் தீர்ந்து போகிறது’ என்று சொல்லிவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போனவர்கள் எத்தனை பேரோ என்று அன்று நினைத்துக் கொண்டோம்.

முதலில் அதையே முடித்துவிடுவோம். விலை குறைந்த சாதா பேட்டரி துத்தநாகமும் கார்பன் கம்பியும் கொண்டது. அதற்குள் மின்சாரம் வெளியே வரும் வழி குறுகலானது. சுவர்க் கடிகாரமும் டி.வி. ரிமோட்டும் சொட்டுச் சொட்டாகக் குடிப்பவை. அவற்றுக்கு இது போதும், மாதக்கணக்கில் வரும். மோட்டார் குடம் குடமாகக் குடிப்பது. பாரம் ஏற ஏற இன்னும் கேட்கும். சாதா பேட்டரியில் அந்த அளவு கேட்டால் அழுத்தம் உடனே இறங்கிவிடும். அல்கலைன் பேட்டரி இதைத் தாங்கும். இரண்டும் 1.5 வோல்ட் என்றுதான் அட்டையில் போட்டிருக்கும். அதனால்தான் ஏமாந்து போகிறோம். சார்ஜ் செய்து திரும்பப் போடும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட்தான். ஆறு போட்டால் 9 வோல்ட்டுக்குப் பதில் 7.2 வோல்ட் கிடைக்கும். வேகம் சற்றுக் குறையும், ஆனால் பாரத்தில் துவண்டு போகாது. தினமும் விளையாடும் வீட்டுக்கு அதுவே லாபம். புதியதையும் பழையதையும் கலந்து போட்டால் பழையது கசிந்து பெட்டியின் தகட்டை அரித்துவிடும். இதை விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

இனி பொம்மைக்கு வருவோம்.

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்தியான்சன் என்ற தச்சர் இருந்தார். உலகமெங்கும் வியாபாரம் படுத்துப்போன 1932ஆம் ஆண்டில், வீட்டு வேலை கிடைக்காமல், மரத்தில் பொம்மை செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934இல் லெகோ என்று பெயர் வைத்தார். அவரது மகன் கோட்ஃப்ரெட் சிறு வயதிலேயே பட்டறையில் உதவியவர். ஒருமுறை மர வாத்துகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு பூச்சு அடித்து, மீதியை மிச்சம் பிடித்துவிட்டதாகத் தந்தையிடம் பெருமையாகச் சொன்னாராம். சரக்கு ரயில் நிலையத்துக்குப் போய்விட்டது. தந்தை அவரை அனுப்பிப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவரச் செய்து, மூன்றாம் பூச்சையும் அவர் கையாலேயே அடிக்க வைத்தார் என்று அந்த நிறுவனத்தின் வரலாற்றில் சொல்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம் வாங்கினார்கள். பிரிட்டனில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் செய்து விற்ற கிடிகிராஃப்ட் கட்டையைப் பார்த்து 1949இல் தங்கள் கட்டையை வெளியிட்டார்கள். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. பார்த்துச் செய்யாத வியாபாரம் எது? ஆனால் அந்தக் கட்டை உள்ளே வெறும் கூடு. பூட்டினால் சரியாகப் பிடிக்காது. மேலே குமிழும், உள்ளே குழாயுமாக, குமிழ் குழாய்க்கும் சுவருக்கும் இடையில் இறுகிப் பிடிக்கும்படி செய்து, 1958 ஜனவரி 28ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் கோட்ஃப்ரெட். அன்றைய கட்டை இன்றைய கட்டையோடு பூட்டிக்கொள்ளும். அறுபது ஆண்டுக்கு மேல் பழைய சரக்கும் புதுச் சரக்கும் ஒன்றோடொன்று சேர்கிற பண்டம் நாம் விற்கும் பொருள்களில் வேறு எது இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தோம். படி, ஆழாக்கு கூட மாறிவிட்டன.

சேர்வதற்குக் காரணம் அளவு. ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6. மெல்லிய தட்டின் உயரம் 3.2, மூன்று தட்டு ஒரு கட்டை. குமிழ் எட்டுக் கொண்ட ஒரே நிறக் கட்டை ஆறே ஆறு இருந்தால், அவற்றை 91,51,03,765 விதமாகப் பூட்டலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டுச் சொன்னார். நமக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. பேரன் காட்டிய இன்னொரு கணக்குப் புரிந்தது. கட்டை ஒன்று, தட்டு இரண்டு: 9.6, 6.4 சேர்ந்து 16. அதாவது இரண்டு குமிழ் தூரம். ஆகவே கிடையாகப் போகும் துளைக் கட்டைகளுக்கு நடுவில் இரண்டு தட்டு வைத்து அடுக்கினால், செங்குத்தாக நிற்கும் துளைக் கட்டையின் துளைகளும் அவற்றின் துளைகளும் நேருக்கு நேர் வரும். ஊசி செருகிப் பூட்டிவிடலாம். இந்தக் குறுக்குப் பூட்டு இல்லாத வண்டி மோட்டார் ஓடியதும் தானே பிரிந்து விழும். மோட்டார் வைத்துச் செய்பவர்களுக்கு இதுதான் முதல் பாடம் என்றான்.

துளைக் கட்டை, பற்சக்கரம், சிலுவை வடிவ அச்சு இவை கொண்ட தொகுதி 1977இல் வந்தது. பிற்பாடு அதற்கு டெக்னிக் என்று பெயரிட்டார்கள். மோட்டார் அதற்கும் முன்பே, 1966இல், ரயில் வண்டியோடு வந்துவிட்டது.

பல் கணக்கு

பேரன் ‘பல்லு கணக்கு’ என்றானே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது தெரியாமல்தான் ‘பெரிய மோட்டார் இருந்தால் கொடுங்கள்’ என்று வாடிக்கையாளர் கேட்கிறார். கடைக்காரரும் விலை கூடியதை எடுத்துக் கொடுக்கிறார்.

நமது லாரியில் இருந்தது எம் என்று பெயரிட்ட நடுத்தர மோட்டார். புதுப் பேட்டரியில், பாரம் இல்லாமல், நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்று சுற்றும். சக்கரம் 62 மில்லிமீட்டர் விட்டம். ஒரு சுற்றில் சுமார் 19.5 சென்டிமீட்டர் நகரும். மோட்டாரை நேரே சக்கரத்தில் பூட்டினால் கணக்குப்படி நிமிடத்துக்கு 78 மீட்டர், மனிதன் நடக்கும் வேகம். ஆனால் அந்த வண்டி நகராது, அல்லது மெல்லத் தள்ளிவிட்டால்தான் நகரும். வேகம் இருக்கிறது, வலு இல்லை. சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும்படி வைத்தால் வேகம் குறைந்து வலு கூடும். 8 பல் 24 பல்லைச் சுற்றினால் வேகம் மூன்றில் ஒன்று. வலு, உராய்வில் போவது போக, மூன்று மடங்கு. பெரிய ஷட்டரைக் கைப்பிடியால் சுற்றி ஏற்றும்போது நாம் தினமும் செய்வதுதான். கை பல சுற்று சுற்றுகிறது, ஷட்டர் சாண் சாணாக ஏறுகிறது.

பேரன் முதலில் மோட்டாரிலிருந்து 16 பல்லுக்கு 16 பல் வைத்து, அடுத்த கட்டத்தில்தான் 8க்கு 24 வைத்திருந்தான். மொத்தம் மூன்று மடங்கு. தரையில் ஓட இது போதும், பலகை ஏறப் போதாது. முதல் ஜோடியையும் 8க்கு 24 என்று மாற்றினான். மூன்று மூன்று ஒன்பது. வேகம் நிமிடத்துக்கு 26 மீட்டரிலிருந்து 9 மீட்டருக்கும் கீழே இறங்கியது. பலகையில் வண்டி நிற்காமல் ஏறியது. மேலே ஒரு கிலோ உப்பு மூட்டையை வைத்தோம், அப்போதும் ஏறியது. மோட்டார் அதேதான்.

இதில் நமக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. இந்தப் பல்சக்கரங்களில் எத்தனை பல்லோ, கணக்கு விட்டமும் அத்தனை மில்லிமீட்டர். 16ம் 16ம் 32. 8ம் 24ம் 32. அதில் பாதி 16 மில்லிமீட்டர், இரண்டு குமிழ் தூரம். ஆகவே இரண்டு ஜோடியும் ஒரே துளைகளில் உட்காரும். வண்டியின் சட்டத்தைக் கலைக்காமல் சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதும். 8ம் 40ம் சேர்ந்தால் 48, மூன்று குமிழ் தூரம். தச்சர் வீட்டுப் பிள்ளைகள் எதையும் யோசிக்காமல் விடவில்லை.

மிகுந்த வலு வேண்டுமென்றால் திருகுமரை போன்ற கியர் இருக்கிறது. பட்டறையில் வார்ம் கியர் என்பார்கள். அது ஒரு சுற்றுச் சுற்றினால் எதிர்ச் சக்கரத்தில் ஒரு பல் மட்டும் நகரும். 24 பல் சக்கரம் என்றால் 24 மடங்கு. இன்னொரு குணமும் உண்டு. மோட்டாரால் சக்கரத்தைச் சுற்றலாம், சக்கரத்தைப் பிடித்து மோட்டாரைச் சுற்ற முடியாது. எனவே கிரேன் செய்பவர்கள் இதை வைப்பார்கள்; மோட்டாரை நிறுத்தினாலும் கொக்கியில் தொங்கும் பாரம் கீழே இறங்காது.

வண்டி வளைவதும் ஒரு கணக்கு. வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கினால் ஒன்று தரையில் இழுபடும். அதற்கு நிஜ லாரியில் இருப்பது போலவே டிபரன்ஷியல் உண்டு. முன் சக்கரத்தைத் திருப்ப இரண்டாவது மோட்டார். திருப்பம் எல்லைக்கு வந்தபிறகும் பேரன் ரிமோட்டை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் பல் நொறுங்காதா என்று கேட்டோம். வெள்ளை நிறத்தில் ஒரு 24 பல் சக்கரத்தைக் காட்டினான். அளவுக்கு மீறிய பாரம் வந்தால் அதன் நடுப்பகுதி வழுக்கிக் கொடுக்கும். கிளட்ச் கியர் என்று பெயர். பெட்டியில் இது இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

புல்டோசர் போலச் சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டிக்கு டிபரன்ஷியலும் வேண்டாம், திருப்பும் மோட்டாரும் வேண்டாம். இடப் பட்டைக்கு ஒரு மோட்டார், வலப் பட்டைக்கு ஒன்று. இரண்டும் முன்னோக்கி ஓடினால் நேரே போகும். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் ஓடினால் நின்ற இடத்திலேயே திரும்பும். புதிதாகச் செய்யும் பிள்ளைக்கு எது எளிது என்று கேட்டால் இதைத்தான் சொல்லலாம்.

ஓடாத வண்டியில் பாதிக்குக் காரணம் மோட்டாரும் அல்ல, பேட்டரியும் அல்ல, இறுக்கம். அச்சின் முனையில் மாட்டும் வளையத்தைக் கட்டையோடு ஒட்ட இறுக்கிவிட்டால் உராய்ந்து பிடிக்கும். ஒரு நூல் இடைவெளி விட வேண்டும். மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை விரலால் தட்டினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டாரைப் பூட்டலாம். வண்டி எதிலாவது முட்டி நின்றுவிட்டால் ரிமோட்டிலிருந்து உடனே கையை எடுக்க வேண்டும். சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார்தான் அதிக மின்சாரம் குடித்துச் சூடேறும்.

ரிமோட்டும் பிளக்கும்

ரிமோட் இரண்டு வகை. 2007இல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ் என்ற தொகுதியில் இருப்பது டி.வி. ரிமோட் போன்றது, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிரால் வேலை செய்யும். வண்டியில் உள்ள வாங்கியில் சிவப்பு, நீலம் என்று இரண்டு இணைப்பு. நான்கு சேனல் மாற்றிக்கொள்ளலாம். ஆக நான்கு வாங்கி வைத்தால் எட்டு மோட்டார் வரை தனித்தனியே இயக்கலாம். அந்த ஆண்டே 1,384 துண்டுகள் கொண்ட புல்டோசர் ஒன்றை நான்கு மோட்டாரோடு வெளியிட்டார்கள். குறை என்னவென்றால், வாங்கியின் கண் ரிமோட்டுக்குத் தெரிய வேண்டும். வண்டி மூட்டைக்குப் பின்னால் போனால் பேச்சுக் கேட்காது. நல்ல வெயிலிலும் தடுமாறும். சூரிய ஒளியிலும் அதே கதிர் இருக்கிறது. நமது பேரன் வாசலில் ஓட்டும்போது மாலை வரை காத்திருப்பதன் காரணம் இதுவே. சாதாரண ரிமோட்டில் இரண்டு நெம்பு. முன்னே ஓடு, பின்னே ஓடு, நில் என்ற மூன்றே கட்டளை. திருகு வைத்த இன்னொரு ரிமோட்டில் வேகத்தை ஏழு படியாகக் கூட்டிக் குறைக்கலாம். ரயில் ஓட்டுபவர்களுக்கு அது வசதி.

2018 முதல் பவர்டு அப் என்ற புதுத் தொகுதி அதன் இடத்துக்கு வந்தது. இது புளூடூத். ரிமோட்டாலும் ஓட்டலாம், கைப்பேசியில் செயலி இறக்கியும் ஓட்டலாம். மறைவில் போனாலும் பேச்சுக் கேட்கும். 2019இல் வந்த லீப்ஹெர் சுரங்க எக்ஸ்கவேட்டர் மாதிரியில் 4,108 துண்டு, ஏழு மோட்டார், இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டி. கைப்பேசித் திரையில் விரலை நகர்த்தினால் மண் அள்ளும் கை அசைகிறது. மோட்டார் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று பெட்டிக்குத் தெரிவதால் ‘இவ்வளவு பாகை திரும்பி நில்’ என்று சொல்ல முடிகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வியாபாரிக்கு இங்கேதான் முள் இருக்கிறது.

கட்டையின் குமிழ் 1958லிருந்து மாறவில்லை. மோட்டாரின் பிளக் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1966இல் 4.5 வோல்ட். பிறகு ரயிலுக்கு 12 வோல்ட். 1986இல் 9 வோல்ட்டும், கட்டை மேலேயே பூட்டிக்கொள்ளும் வேறொரு பிளக்கும். 2007இல் நான்கு கம்பி கொண்ட பவர் ஃபங்ஷன்ஸ் பிளக்; இதற்கும் முந்தைய 9 வோல்ட்டுக்கும் இடையே இணைப்புக் கம்பி உண்டு. 2018இல் ஆறு கம்பி கொண்ட பவர்டு அப் பிளக். இது முந்தையதில் செருகவே செருகாது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவும் முடியாது. 1998இல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்று கணினியால் கட்டளையிடும் கட்டையும் வந்தது, பெரும் புகழ் பெற்றது, பள்ளிகளெல்லாம் வாங்கின. அதையும் 2022 முடிவில் நிறுத்திவிட்டார்கள்.

நமக்குத் தெரிந்த நண்பர் ஒருவர், மளிகையோடு எழுதுபொருளும் பொம்மையும் விற்பவர், தள்ளுபடி விலையில் கிடைக்கிறதென்று பன்னிரண்டு மோட்டார் வாங்கினார். விற்றவர் ‘எல்லாக் கட்டைக்கும் சேரும்’ என்று சொன்னாராம். பொய் இல்லை, கட்டைக்குச் சேரும். ஆனால் அவை நான்கு கம்பிப் பிளக் வைத்த பழைய மோட்டார்கள். வாடிக்கையாளர் வீட்டில் இருந்ததோ ஆறு கம்பிப் பெட்டி. வாங்கிப் போனவர்கள் மறுநாளே திருப்பிக்கொண்டு வந்தார்கள். பணத்தையும் கொடுத்து, பேச்சையும் கேட்டார். ஒரு தாய் பிறந்தநாளன்று பிள்ளை அழுததைச் சொல்லிவிட்டுப் போனபிறகு, அந்தப் பெட்டியை மேல் தட்டில் ஏற்றி வைத்துவிட்டார்.

செயலியால் மட்டுமே ஓடும் மாதிரியிலும் இந்தச் சங்கடம் உண்டு. கைப்பேசி புதிதாகிக்கொண்டே போகும். செயலியை நிறுவனம் பராமரிக்கும் வரைதான் பொம்மைக்கு உயிர். கையில் பிடிக்கும் ரிமோட்டோடு வருவதற்கு அந்தப் பயம் குறைவு. ஆனால் வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹங்கேரியில் எஸ்பிரிக் என்றும், ஸ்லோவேனியாவில் புவிஸ் என்றும் வேறு ஆட்கள் சிறு பெட்டி செய்தார்கள்; பழைய நான்கு கம்பி மோட்டாரை அதில் செருகிக் கைப்பேசியால் ஓட்டலாம். புதிய பெட்டிகளுக்குப் பைபிரிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதை ஒருமுறை ஏற்றிவிட்டால், கைப்பேசி இல்லாமலே பெட்டியும் ரிமோட்டும் பேசிக்கொள்ளும். ஆர்வலர்கள் செய்த இந்த உதவியால் ஒதுக்கப்பட்ட சரக்கு பிழைத்துக்கொள்கிறது.

போலியும் முத்திரையும்

‘லெகோ மாதிரியே இருக்கிறது, பாதி விலை’ என்று வரும் கட்டைகளை விற்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கட்டையின் காப்புரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டது. பிறகு அந்த வடிவத்தையே வணிகச் சின்னமாகப் பதிய முயன்றார்கள். கனடா உச்ச நீதிமன்றம் 2005இலும், ஐரோப்பிய நீதிமன்றம் 2010 செப்டம்பரிலும் அதை ஏற்கவில்லை. குமிழ் பூட்டுவதற்காக இருக்கிறது, அடையாளத்துக்காக அல்ல என்பதே காரணம். ஆகவே பூட்டிக்கொள்ளும் கட்டையை வேறொருவர் தம் சொந்தப் பெயரில் செய்வது வேறு. பெயரையும் பெட்டிப் படத்தையும் மாதிரியையும் அப்படியே திருடுவது வேறு. சீனாவில் லெபின் என்ற பெயரில் இரண்டாவதைச் செய்த கும்பலின் தலைவருக்கு 2020இல் ஷாங்காய் நீதிமன்றம் ஆறு ஆண்டுச் சிறை விதித்தது.

நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்சாரம் இல்லாத பொம்மைக்கு ஐ.எஸ். 9873, மோட்டார், பேட்டரி உள்ளதற்கு ஐ.எஸ். 15644. இறக்குமதியானாலும் விதிவிலக்கு இல்லை. இறக்குமதித் தீர்வையும் 2020இல் நூற்றுக்கு 20லிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்ததை நினைவில் வைத்தால், மிக மலிவாக, முத்திரையில்லாமல், பில்லும் இல்லாமல் வரும் மோட்டார் பொம்மை எப்படி வந்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம். அதிகாரி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். கொண்டுவந்து கொடுத்தவர் அன்று கைப்பேசியை எடுக்கமாட்டார்.

சென்ற மாதம் பேரனை அழைத்துக்கொண்டு அந்த நண்பர் கடைக்குப் போனோம். மேல் தட்டுப் பெட்டியை இறக்கினார். பேரன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பேட்டரிப் பெட்டியில் ஒவ்வொரு மோட்டாராகச் செருகி ஓட்டிப் பார்த்தான். பன்னிரண்டும் ஓடின. ஒரு பழைய காலண்டர் அட்டையைக் கிழித்து, ‘நான்கு கம்பிப் பழைய பிளக். 2007 முதல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ் பெட்டிக்கு மட்டும். புதிய ஆறு கம்பிப் பெட்டிக்குச் சேராது. உங்கள் பெட்டியைக் கொண்டுவந்து செருகிப் பார்த்து வாங்கவும்’ என்று நண்பரே எழுதி மாட்டினார். பக்கத்தில் அல்கலைன் பேட்டரி அட்டையைத் தொங்கவிட்டார். கடிகாரப் பேட்டரியை அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். இதை எழுதும் இன்றுவரை ஐந்து மோட்டார் விற்றிருக்கிறது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஏழு இருக்கிறது.